ஒரு மாதப் போர், ஐந்தாண்டு நெருக்கடி



போர், அரசியல், பண்பாடு ஆகிய மூன்றையும் பொதுப்படையாகப் பேசினால் இரவு வரை பேசலாம். வீடு திரும்பும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஒரே ஒரு போரை எடுத்துக்கொள்கிறேன். 1962 அக்டோபர் 20 அன்று, இன்றைய அருணாசலப் பிரதேசமான நேஃபாவிலும் லடாக்கிலும் சீனப் படைகள் தாக்குதலைத் தொடங்கின. நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. மொத்தம் ஒரு மாதம். அந்தப் போரை ஒட்டி அக்டோபர் 26 அன்று பிறப்பித்த நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி 10 வரை நீடித்தது. அதாவது ஐந்து ஆண்டுகள், இரண்டரை மாதம். போருக்கென்று அரசு வாங்கிக்கொள்ளும் அதிகாரம் போரோடு திரும்பி வருவதில்லை. குடிமக்கள் கேட்டு வாங்கினால்தான் உண்டு. போர்க்காலப் பண்பாடோ அப்படிக் கேட்பதையே வெட்கக்கேடாக்கி வைத்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இடதுசாரிச் சாய்வு உள்ளவன் சொல்வது என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். சான்றுகளை வைக்கிறேன், பாருங்கள்.

முதலில் சிறைக்கதவு. இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்ற பெயரில் வந்த சட்டம், ஒருவரை விசாரணையின்றி அடைத்து வைக்க அரசுக்கு இடம் கொடுத்தது. அப்படி அடைபட்டவர் தம் அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1963-இல் மக்கன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழு 1962 நவம்பர் 1 அன்றே சீனாவைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதன் பிறகும் அந்த மாதமே கட்சியின் இடதுபிரிவினரை நாடெங்கும் கைது செய்தார்கள். கட்சி 1964-இல் பிளந்தது. அந்த ஆண்டின் கடைசி நாட்களில் மீண்டும் கைதுகள். இம்முறை மார்க்சிஸ்ட் கட்சியினர். எல்லையில் துப்பாக்கி ஓய்ந்து அப்போது இரண்டு ஆண்டு கடந்துவிட்டது. 1965 மார்ச்சில் கேரளத்தில் தேர்தல் நடந்தபோது அந்தக் கட்சிக்கு 40 இடங்கள் கிடைத்தன, வென்றவர்களில் பலர் சிறையில் இருந்தார்கள், சட்டமன்றமோ ஒரு நாள்கூடக் கூடாமல் கலைந்தது. இந்த விதிகள் கம்யூனிஸ்டுகளோடு நின்றிருந்தால் அது ஒரு கட்சியின் குறை என்று விட்டுவிடலாம். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்த தமிழகத்திலும் அவை பாய்ந்தன. கம்யூனிஸ்டுகளை விமர்சிக்கத் தயங்காத சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவை அதே ஆண்டு ஆகஸ்டில் பாட்னாவில் பிடித்தார்கள். அவரை விடுவிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மொழிப் போராட்டத்துக்கும் பீகார் அரசியலுக்கும் பெய்ஜிங்கோடு என்ன சம்பந்தம்?

அரசியல்வாதிகளுக்குச் சிறை பழக்கப்பட்ட இடம். எனக்கு அதைவிட உறுத்துவது தங்க ஆசாரிகளின் கதை. 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் தூய்மையுள்ள புது நகை செய்யக் கூடாது என்றது ஆணை. அந்நியச் செலாவணி கரைகிறது, தங்கக் கடத்தல் பெருகுகிறது என்பது உண்மையான சிக்கல்தான். ஆனால் தனிச் சட்டம் கொண்டுவந்து விவாதித்துச் செய்ய வேண்டிய காரியத்தைப் பாதுகாப்பு விதிகளுக்குள் ஓர் அத்தியாயமாகச் சொருகிவிட்டார்கள். 24 பங்கில் 14 பங்கு தங்கம் என்றால் பாதிக்குச் சற்றே மேல். மீதி செம்பும் வெள்ளியும். நிறம் மங்கும்; 22 காரட்டுக்குப் பழகிய சுத்தியல் அடிக்கு அது வளைந்து கொடுக்காது. பெண்ணுக்கு நகை போடும் வீட்டார் அதை நகை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. வசதியுள்ள வியாபாரி காத்திருந்தார் அல்லது கள்ளத்தனமாக விற்றார். உமியோட்டையும் ஊதுகுழலையும் தவிர வேறு முதல் இல்லாத பட்டறைத் தொழிலாளி என்ன செய்வார்? லட்சக்கணக்கானவர்களின் பிழைப்பு போயிற்று, தற்கொலைகள் நடந்தன, நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. 14 காரட் வரம்பு 1966-இல்தான் போனது. கட்டுப்பாடு 1968-இல் தனிச் சட்டமாகி 1990 வரை உயிரோடு இருந்தது. எல்லைக்கோடு பற்றிய சண்டை பட்டறையில் இருபத்தேழு ஆண்டு நடந்திருக்கிறது.

இவர்களையும்விடக் குரல் இல்லாத ஒரு கூட்டம் உண்டு. அஸ்ஸாமின் மாக்கும், இன்றைய மேகாலயத்தின் ஷில்லாங், வங்கத்தின் டார்ஜிலிங் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த சீன வம்சாவளியினர் அவர்கள். தேயிலைத் தோட்டங்களுக்காக ஆங்கிலேயர் கொண்டுவந்தவர்களின் வழிவந்தோரும் அவர்களில் இருந்தார்கள். குழந்தைகள் உட்படச் சுமார் 3,000 பேரை ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் வெளியே வரச் சில ஆண்டுகள் ஆயின. சிலரை, அவர்கள் பார்த்தே அறியாத சீனாவுக்கு அனுப்பினார்கள். 1940-களின் தொடக்கத்தில் வெள்ளையர் அரசு கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கேயையும் ஜெயப்பிரகாஷ் நாராயணையும் அடைத்து வைத்திருந்ததும் இதே தேவ்லியில்தான். முகாம் கைமாறியது, பயன்பாடு மாறவில்லை.

இனிப் பண்பாடு. அந்த நாட்களில் பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் கையிலிருந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதைக் கேலி பேசுபவனுக்கு மக்களைத் தெரியாது. 1963 ஜனவரி 27 அன்று டெல்லியில், இறந்த வீரர்களுக்காகக் கவி பிரதீப் எழுதிய பாடலை லதா மங்கேஷ்கர் பாடியபோது நேரு கண்கலங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த ‘இரத்தத் திலகம்’ படம் வந்தது. அடுத்த ஆண்டு சேதன் ஆனந்தின் ‘ஹகீகத்’. இறந்த வீரனுக்காக அழுவதில் பிழை எதுவுமில்லை. சிப்பாய்களைப் பனிமலைக்குப் போதிய கம்பளி உடைகூட இல்லாமல் அனுப்பியது யார் என்று கேட்க வேண்டிய இடத்தில் அந்த அழுகை நின்றுகொண்டதுதான் குறை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-இலேயே அரசின் கைக்கு வந்தது; எந்தக் கட்சி ஆண்டாலும் அதை வெளியிடவில்லை. பாடல் ஐந்து நிமிடத்தில் நாடெங்கும் போயிற்று, அறிக்கை அறுபது ஆண்டுக்கு மேலாக அரசின் பெட்டிக்குள் கிடக்கிறது. தேவ்லிக்குப் போனவர்களின் கதையை ரீட்டா சௌதுரி ‘மாக்காம்’ நாவலாக எழுதியது 2010-இல். எதை உடனே நினைக்க வேண்டும், எதை அரை நூற்றாண்டு மறக்கலாம் என்று பண்பாடு தீர்மானித்துக் கொடுக்கிறது. அரசு அந்த மறதியில் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது.

நாடு ஆபத்தில் இருக்கும்போது ஒற்றுமை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். அந்த ஒற்றுமைக்கு வாய்ப்பூட்டு தேவையில்லை என்பதற்கு 1962-ஏ சாட்சி சொல்கிறது. போர் நடக்கும்போதே நவம்பர் 8 முதல் ஒரு வாரம் நாடாளுமன்றம் விவாதித்தது. கூட்டத்தை இரகசியமாக நடத்தலாம் என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. உறுப்பினர்கள் அரசைக் கிழித்தார்கள்; பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் அவை கூடும் முன்பே பதவி இழந்திருந்தார். அதனால் படைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. இதை நேருவின் பெருமையாகச் சொல்லத் தயங்க மாட்டேன். அதே அரசுதான் வெளியே ஆட்களை அள்ளிக்கொண்டும் போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1965-இல் பாகிஸ்தான் போர் வந்ததே, நெருக்கடி நிலை நீடித்ததில் தவறென்ன என்பது அடுத்த கேள்வி. சீனா போரை நிறுத்தியதற்கும், பாகிஸ்தான் போருக்கு முன்னோட்டமான கட்ச் மோதலுக்கும் இடையே இரண்டு ஆண்டுக்கு மேல் அமைதி இருந்தது. அந்தப் போரை முடித்துவைத்த தாஷ்கண்ட் உடன்பாடு கையெழுத்தானது 1966 ஜனவரி 10. நெருக்கடி நிலையை விலக்கியது சரியாக இரண்டு ஆண்டு கழித்து, அதே தேதியில். இடையில் வந்த 1967 பொதுத்தேர்தலும் நெருக்கடி நிலையின் கீழேயே நடந்தது.

இடதுசாரிகளை நோக்கி வரும் கேள்வி கூர்மையானது. உங்களில் ஒரு பகுதியினர் சீனாவை ஆக்கிரமிப்பாளன் என்று சொல்ல மறுத்தார்களே? ஆம், மறுத்தார்கள். அது ஓர் அரசியல் கருத்து. அதற்கு மேடையில் பதில் சொல்லியிருக்கலாம், சிறை அதற்குப் பதிலாகாது. ஆனால் இந்த நியாயத்தை நாம் எல்லோருக்கும் வைத்தோமா? 1956-இல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டில் நுழைந்ததை நம்மில் பலர் நியாயப்படுத்தினார்கள். 1975 நெருக்கடி நிலையை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆதரித்தது, 1978-இல்தான் தவறு என்று ஒப்புக்கொண்டது. நம் ஆட்களின் டாங்கி நல்ல டாங்கி என்று நினைக்கும் வரை அடுத்தவனுடைய டாங்கியைப் பற்றிப் பேசும் தகுதி நமக்குக் கொஞ்சம் குறைவுதான்.

அந்த 1975-ஐயே பாருங்கள். ஜூன் 25 இரவு இந்திரா காந்தி நெருக்கடி நிலை கொண்டுவந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று நாட்டில் ஏற்கெனவே ஒரு நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1971 டிசம்பர் 3 அன்று வங்கதேசப் போருக்காகப் பிறப்பித்தது அது. போர் பதின்மூன்றே நாளில் முடிந்தது, பிரகடனத்தை யாரும் எடுக்கவில்லை. அந்த ஆண்டு பிறந்த, விசாரணையின்றி அடைக்க இடம் கொடுத்த மிசா சட்டம்தான் 1976-இல் தமிழகத்துச் சிறைகளை நிரப்பியது. 1962-இல் விட்டதை நாம் 1971-இலும் கேட்காமல் விட்டதன் பலன் அது.

பிறகு அரசியலமைப்பின் 44ஆம் திருத்தம் வந்தது. நெருக்கடி நிலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதுப்பிக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதிகாரம் இப்போது அந்த வாசல் வழியாக வருவதில்லை. 1962-இன் நெருக்கடி நிலையை விலக்கப் பதினொரு நாள் இருக்கும்போது, 1967 டிசம்பர் 30 அன்று, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. ‘உபா’ என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். 2004, 2008, 2019 என்று ஒவ்வொரு திருத்தத்திலும் அது தடித்தது. பிணை கிடைப்பது அபூர்வமாயிற்று. திருச்சிப் பகுதியில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே வாழ்ந்த ஸ்டான் சுவாமியை 2020 அக்டோபரில் அந்தச் சட்டத்தில் பிடித்தார்கள். பார்க்கின்சன் நோயால் கைநடுங்கி, தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும் என்று அவர் நீதிமன்றத்தில் மனுப்போட்டார்; பதில் சொல்லப் புலனாய்வு அமைப்பு இருபது நாள் அவகாசம் கேட்டது. விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில் காவலிலேயே இறந்தார்.

பயங்கரவாதத்துக்குப் போர்நிறுத்தத் தேதி கிடையாது, ஆகவே சட்டத்துக்கும் கெடு வைக்க முடியாது என்பார்கள். அப்படியானால் கெடு வைக்க வேண்டிய காரணம் இன்னும் கூடுகிறது. ஆபத்து இன்னும் இருக்கிறது என்று குறித்த காலத்துக்கு ஒருமுறை அரசு அவையில் எழுந்து நின்று சொல்லட்டும். எத்தனை பேரைப் பிடித்தோம், எத்தனை பேர் மீது குற்றம் நிரூபணமானது, எத்தனை பேர் விசாரணையின்றிக் கிடக்கிறார்கள் என்று கணக்கு வைக்கட்டும். அதன்பின் உறுப்பினர்கள் வாக்களித்துப் புதுப்பிக்கட்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சியிடமும், இடதுசாரிக் கட்சி உட்பட, இதற்கு வாக்குறுதி உண்டா என்று கேட்கலாம்.