மூடி இல்லாத மெஷின்: விற்றவருக்கும் பொறுப்பு உண்டு



என் வலது கையைப் பாருங்க. இரண்டு விரல் இல்லை. குழுக் கடனில் வாங்கிய மசாலா அரைக்கும் மெஷினில் போனது. மோட்டார் பெல்ட்டுக்கு மூடியே இல்லாமல் கொண்டுவந்து இறக்கினார் கடைக்காரர். "மூடி வேணும்னா தனி விலைம்மா" என்றார். காசு மிச்சம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் முந்தானை பெல்ட்டில் சிக்கியது. இழுக்கப்போன கையும் சிக்கியது.

"நீதான் கவனமா இருந்திருக்கணும்" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். விற்றவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் சட்டம் பேசுகிறது. பல்சக்கரத்தை மூடாத மெஷினைத் தொழிற்சாலைக்கு விற்பதே குற்றம் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொன்னது. நம்மைப் போலச் சின்னதாக நடத்துகிறவர்களுக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு வாங்கினாலும் நாம் நுகர்வோர்தான். குறையுள்ள மெஷினால் காயம்பட்டால் செய்தவர்மீதும் விற்றவர்மீதும் நஷ்டஈடு கேட்டு, ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருஷத்துக்குள் போகணும். எனக்கு இது தெரியவந்தபோது அந்தக் கெடு தாண்டிவிட்டது.

இன்னொன்று. வேலை வேகமா நடக்கட்டும் என்று மூடியை நாமே கழற்றிப்போட்டால், விற்றவர் அதைச் சொல்லியே தப்பித்துக்கொள்வார்.

அதனால், மூடி போட்ட மெஷினை மட்டும் இறக்கச் சொல்லுங்க. பில்லில் "மூடியுடன்" என்று எழுதி வாங்குங்க. பில்லைக் குழு பீரோவில் வையுங்க.

என் விரல் திரும்ப வராது. உங்க பத்து விரலும் பத்திரமா இருக்கட்டும்.