சயாமுக்குப் போனவர்கள்



1940களின் உலக நிகழ்ச்சிகள் என்றால் பேர்ல் துறைமுகம், ஸ்டாலின்கிராட், ஹிரோஷிமா என்று அடுக்குவோம். பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடி போன்ற ஊர்களுக்கு இரண்டாம் உலகப் போர் மலாயா வழியாக வந்தது. இது மானாவாரி பூமி. அந்நாளில் மழை பொய்த்தால் பிழைப்புக்குக் கப்பலேறுவார்கள். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்கலாம்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் படை கோத்தா பாருவில் கரையேறியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. தபாலும் மணியார்டரும் நின்றுபோயின. மார்ச்சில் ரங்கூனும் போக, பர்மா அரிசியும் வரவில்லை. அக்கரையில் இருப்பவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கக்கூட வழியில்லை.

அங்கே மலாயாவில் ஜப்பானியர் ரப்பர் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வேண்டும். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி ஏற்றிப்போனார்கள். காடு, மழை, மலேரியா. 1943இல் காலராவும் சேர்ந்தது. போர்க்கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அங்கே கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் அவர்களோடு அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், இறந்தவர் பெயரை ரகசியமாகவாவது குறித்து வைத்தார்கள். தோட்டத் தமிழனுக்குப் பெரும்பாலும் டாக்டரும் இல்லை, பெயர் குறிக்க ஆளும் இல்லை. இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகள் வரிசையான கல்லறைகளில் கிடக்கிறார்கள். பல்லாயிரம் தமிழர் புதைந்த குழிகளில் பெரும்பாலானவை எங்கே என்று காட்டக் கல் கிடையாது. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள். சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்பிக்கச் சேர்ந்தவர்களும் உண்டு. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. கையில் அதுதான் இருந்தது, தோட்டத்து ஜனங்களுக்கு. கப்பல் மறுபடி ஓடியபோது சிலர் திரும்பினார்கள், சிலரிடமிருந்து கடிதம் வந்தது. மற்றவர்களைச் ‘சயாமுக்குப் போனவர்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த உரையைக் கேட்கும் வீடுகளில் அப்படி ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருந்திருக்கலாம். பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள்: பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த வருஷம் கப்பலேறினார்? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மலேசியாவில் இருக்கும் உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அங்கேயும் அதே பெயரைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.