தூண்டில் பைக்குள் ஓர் ஒழுங்கு

(பழைய மாணவர் சங்கமக் கூட்டத்தில் வேதியியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வங்கியைப் பற்றியும் வெளிநாட்டு வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். செயலாளர் என்னிடம், "நீ என்னப்பா பேசப் போறே?" என்று கேட்டார். "தூண்டில் பையைப் பத்தி" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "பதினைந்து நிமிஷத்துக்கு மேல போகாதே" என்று மட்டும் சொன்னார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தூண்டில் என்றதும் மூங்கில் குச்சி, தங்கூசி, தக்கை, மண்புழு என்றுதான் நம் மனதில் வரும். அதற்குப் பை தேவையில்லை. சட்டைப் பை போதும். நான் சொல்வது பொய் இரை போட்டுப் பிடிக்கிற தூண்டில். கடையில் "லூர்" என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். மீன் மாதிரி, தவளை மாதிரி, இறால் மாதிரி செய்த பொம்மைகள். விராலுக்கு ரப்பர் தவளை, கொடுவாவுக்கு மூழ்கி நீந்துகிற மீன் பொம்மை, பாறைக்கும் வஞ்சிரத்துக்கும் பளபளக்கிற தகடு. 1936-ல் பின்லாந்தில் லவுரி ரபாலா என்ற ஏழை மீனவர் தக்கையைச் செதுக்கி, மேலே சாக்லேட் சுற்றிய காகிதத்தை ஒட்டி, பழைய ஃபிலிமை உருக்கிப் பூசி முதல் பொம்மையைச் செய்தார். அடிபட்ட சின்ன மீன் தள்ளாடி நீந்துவதைத்தான் பெரிய மீன் துரத்துகிறது என்று அவர் கவனித்திருந்தார். இன்றைக்கு அவர் பெயரில் விற்கிற பொம்மை ஒன்று வாங்க சில நூறு ரூபாய் வேண்டும். அது வீட்டம்மாவுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், இந்தப் பொம்மைகள் பலவற்றில் இரண்டு இடத்தில் மூன்று முனைக் கொக்கி தொங்கும். ஆக ஒரு பொம்மைக்கு ஆறு முள். பத்துப் பொம்மையை ஒரே டப்பாவில் போட்டால் அறுபது முள். நீங்கள் ஒன்றை எடுத்தால் ஒன்பதும் கூடவே வரும். பொழுது விடிகிற நேரம், மீன் நீர்மட்டத்தில் பாய்கிற பத்து நிமிஷம் இருக்கிறதே, அந்தப் பத்து நிமிஷம்தான் அன்றைய வேட்டை. அதை முடிச்சு அவிழ்ப்பதிலேயே கழிக்கிறவர்களை நான் முகத்துவாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு வருத்தப்படலாம், அவ்வளவுதான். வேறொன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

மூன்று பேர் ஒரு நாள் சாயங்காலம் முட்டுக்காட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். நண்பர் ஒருவருக்கு நல்ல கொடுவா, நாலு கிலோவுக்குக் குறையாது, மாட்டியது. கரைக்கு இழுத்து, குனிந்து, வாயிலிருந்து கொக்கியைக் கழற்றப் போனார். மீன் ஒரு துள்ளு துள்ளியது. பொம்மையின் முன்கொக்கி மீன் வாயில். பின்கொக்கி நண்பருடைய கட்டைவிரல் அடிச்சதையில். இப்போது யோசித்துப் பாருங்கள். நாலு கிலோ மீன் ஒரு பக்கம் துள்ளுகிறது, மறுபக்கம் மனுஷன் கை. ஒவ்வொரு துள்ளுக்கும் முள் உள்ளே போகிறது. அவர் கத்தவில்லை, "கட்டர், கட்டர்" என்று மட்டும் சொன்னார். அவர் பையில் கட்டர் இருந்தது. எங்கே? அடியில், சாப்பாட்டு டப்பாவுக்கும் டார்ச்சுக்கும் கீழே. இன்னொருவர் மீனைத் துண்டால் அமுக்கிப் பிடித்தார். நான் அவர் பைக்குள் தேடவே போகவில்லை, என் பையின் வெளி வளையத்தில் கயிறு கட்டித் தொங்குகிற கட்டரை எடுத்து வெட்டினேன். பத்து வினாடி இருக்கும். அந்தப் பத்து வினாடி அரை நிமிஷமாக ஆகியிருந்தால் அந்தக் கை என்ன ஆகியிருக்கும் என்று இப்பவும் நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்காது. முள்ளை மருத்துவமனையில் எடுத்தார்கள், டெட்டனஸ் ஊசி போட்டார்கள். நண்பர் நலமாக இருக்கிறார், இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

ஆகவே பையை அடுக்குவதில் முதல் விதி என்னைப் பொறுத்தவரை அழகுக்கானது அல்ல. உயிருக்கும் கைக்கும் வேண்டியது வெளியே இருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் கிடைக்க வேண்டும். முள் வெட்டுகிற கட்டர், நீள மூக்குக் குறடு, நூல் வெட்டும் கத்தரி. கட்டர் என்றால் கெட்டியான முள்ளை வெட்டக்கூடிய சைடு கட்டர், நகவெட்டி இல்லை. வாங்கியவுடன் வீட்டில் ஒரு பழைய முள்ளை வெட்டிப் பார்த்துவிடுங்கள். சின்ன மருந்துப் பை, அதில் கிருமிநாசினி, பஞ்சு. இதெல்லாம் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போகக் கூடாது. இன்னொன்று, மீன் வாயிலிருந்து முள்ளை எடுப்பதற்குக் குறடு இருக்கும்போது விரலைக் கொண்டுபோகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன்.

நம்ம கடலோர மீனவர்கள் போடுகிற ஆயிரங்கால் தூண்டிலைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே நீளக் கயிறு, அதிலிருந்து கிளை கிளையாக நூற்றுக்கணக்கில் முள். அதைக் கூடைக்குள் வளையம் வளையமாகச் சுற்றி வைத்து, முட்களை மட்டும் கூடை விளிம்பில் வரிசை தப்பாமல் மாட்டி வைப்பார்கள். படகு ஓடும்போது கயிறு தானாக ஓடும், முள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு முள் வரிசை மாறினால் கயிற்றோடு சேர்த்து ஆளையும் இழுத்துவிடும். ஆயிரம் ரூபாய் பையும் அறைகள் பிரித்த டப்பாவும் வைத்திருக்கிற நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பனையோலைக் கூடையிடம்தான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சரி, உள்ளே எப்படி அடுக்குவது? முக்கால்வாசிப் பேர் வகைப்படி அடுக்குகிறார்கள். தவளையெல்லாம் ஒரு டப்பா, தகடெல்லாம் ஒரு டப்பா. சிலர் கம்பெனிப்படி. ஒருவர் நிறப்படி அடுக்கி வைத்திருந்தார், பார்க்க வளையல் கடை மாதிரி ரொம்ப நன்றாக இருந்தது. நான் தண்ணீர்ப்படி அடுக்குகிறேன். ஏரிக்குப் போகிற டப்பா ஒன்று, கழிமுகத்துக்குப் போகிறது ஒன்று, கடற்கரைக்கு ஒன்று. போகிற இடத்துக்கு உரிய டப்பா மட்டும் பைக்குள் போகும், மற்றது வீட்டில். ஒரு டப்பாவுக்குள் ஆழப்படி வரிசை: மேல்மட்டத்தில் மிதப்பது, ஒரு முழம் மூழ்குவது, அடிக்குப் போவது. பொம்மையின் தாடையில் ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்குமே, அது எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம் போகும், பொதுவாக. மீன் மேலே இல்லை என்றால் கை தானாக அடுத்த அறைக்குப் போகும்.

இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சால்ட் அனாலிசிஸ். முதல் தொகுதிக்கான வினைப்பொருள் முதலில், அடுத்த தொகுதிக்கானது அடுத்து. பாட்டில் பெயர் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும், எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். எடுத்ததை இடம் மாற்றி வைத்தால் அடுத்த பெஞ்சுக்காரன் தவறான பாட்டிலை எடுப்பான். அதே ஒழுங்குதான், பெஞ்சுக்குப் பதில் மணல்.

வேதியியல் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் போகிற இடம் இதுதான். மெதுவான ரப்பர் மீன், புழு பொம்மைகள் பெரும்பாலும் பிவிசி. பிவிசி இயல்பில் கெட்டியானது. அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தை நிறையச் சேர்த்துத்தான் அப்படி நெளிய வைக்கிறார்கள். அந்தத் திரவம் ஓரிடத்தில் நிற்காது, பக்கத்தில் இருப்பதற்குள் நகரும். நம்ம வெயிலில் வண்டி பெட்டிக்குள் இருந்தால் கேட்கவே வேண்டாம். ரப்பர் புழுவையும் பெயின்ட் அடித்த கெட்டிப் பொம்மையையும் ஒரே அறையில் வைத்தால் ஒரு வாரத்தில் பெயின்ட் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். டப்பா பாலிஸ்டைரீனாக இருந்தால் டப்பாவே உருகும். டப்பாவைத் திருப்பி அடியில் முக்கோணக் குறியைப் பாருங்கள். 6 என்று போட்டிருந்தால் பாலிஸ்டைரீன், ரப்பர் பொம்மைக்கு ஆகாது. 5 என்றால் பாலிபுரோப்பிலீன், தைரியமாக வைக்கலாம். இன்னும் நிம்மதி வேண்டுமானால், அவை வந்த பாலித்தீன் உறையிலேயே விட்டுவிடுங்கள். இப்போது டிபிஇ என்ற வேறொரு ரப்பரிலும் நன்றாக இழுபடுகிற பொம்மைகள் வருகின்றன. அதையும் பிவிசியையும் சேர்த்து வைத்தால் இரண்டும் கூழாகிவிடும். ஜாதி பார்க்கக் கூடாது என்பேன், ஆனால் இங்கே மட்டும் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது துரு. கடல் உப்பு வெறும் சோடியம் குளோரைடாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அதில் மக்னீசியம் குளோரைடு இருக்கிறது, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் கடலில் நனைந்த பொம்மையை எவ்வளவு நேரம் காயவைத்தாலும் பிசுபிசுப்பு போவதில்லை. துணியால் துடைப்பது பிரயோஜனமில்லை. உப்பை நல்ல தண்ணீரில் கரைத்துத்தான் போக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, உதறி, நிழலில் காயவைத்து, பிறகு டப்பாவில். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் அறைக்கு ஒன்று போடுங்கள். உபயோகித்த பொம்மையை அன்றைக்கே மற்றவற்றோடு சேர்க்காமல் தனி உறையில் போட்டு வருவது நல்லது. ஒரு நனைந்த முள் டப்பா முழுக்கத் துருவாக்கும்.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெய்டு என்பது பாலித்தீன் இழை, தண்ணீரில் மிதக்கும். சாதாரணக் கத்தரியில் வெட்டினால் பிசிறும், வெட்டாது. நைலான் மூழ்கும். ஃபுளூரோகார்பன் தண்ணீரைவிட ஒன்றே முக்கால் மடங்கு கனம். லீடருக்கு வெவ்வேறு கனத்தில் நூல் வைத்திருப்பவர்கள் உருளை மேலேயே பெயரையும் கனத்தையும் எழுதி வைக்காவிட்டால் விடியற்காலை இருட்டில் எல்லாம் ஒன்றுதான். சீலாவும் வஞ்சிரமும் இருக்கிற இடமென்றால் கம்பி லீடர் தனி உறையில், சுற்றி வளையமாக. இல்லையென்றால் பொம்மையை மீனுக்குத் தானம் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஈயக்குண்டு வைத்திருக்கிறவர்கள் மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள், தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள். பல்லால் கடித்து நசுக்குகிற பழக்கம் நம்ம ஊரில் இருக்கிறது, அதை உடனே விடுங்கள். இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் குளத்தடியில் கிடந்த ஈயக்குண்டைக் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கிச் செத்துப்போனதால், 1987 முதல் 28 கிராமுக்கு உட்பட்ட பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். டங்ஸ்டன் குண்டு விலை அதிகம், ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி கூட, அதனால் உருவத்தில் சின்னது. வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம்.

இங்கே படிக்கிற தம்பிகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு ராடோடு போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், பாதி ஏரிகள் குத்தகையில் இருக்கும். 1873-லேயே சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ் நம் நாட்டுத் தூண்டில் வேட்டையைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டார். அவர் காலம் எப்படியோ, நம் காலத்தில் கேட்க வேண்டும். பையில் ஒரு காலி உறை கட்டாயம் இருக்கட்டும், வெட்டிய நூல் துண்டுக்கு. முடிச்சுப் போட்டு மிஞ்சிய இரண்டு அங்குலம்கூட அதில்தான். கொக்கின் காலில் சுற்றிய நைலானை நான் அறுத்து எடுத்திருக்கிறேன், கால் தப்பவில்லை. கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை முட்டையிட வருகிற மணல் அது. அந்த உறை நிரம்பினால் நூலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித்தான் குப்பையில் போட வேண்டும், வளையமாகப் போடக் கூடாது.

விட்டுவிடுகிற மீனுக்கும் பையில் இடம் வேண்டும். நனைத்த துண்டு ஒன்று, அளவுநாடா ஒன்று. கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிற மீன். பெரிய கொடுவா எல்லாம் அநேகமாகப் பெண்தான். அதனால் பெரியதைப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுவது என் வழக்கம். எங்கள் வீட்டில் இதற்கு ஆதரவு இல்லை. கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கி மழுக்கிவிட்டால் மீனிலிருந்தும் சுலபமாக வரும், மனுஷன் கையிலிருந்தும் சுலபமாக வரும்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். என் பையைக் கொண்டுவந்து வெளியே, தேநீர் மேசைக்குப் பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறேன். எல்லா முள்ளுக்கும் உறை மாட்டியிருக்கிறது, குழந்தைகளும் பயமில்லாமல் வந்து பார்க்கலாம். எடுத்தவர்கள் எடுத்த அறையிலேயே வைத்துவிடுங்கள்.