நண்பர் உடைத்த படகு: செலவு யார் தலையில்?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரிக்கக்கூடும். எத்தனை பேரிடம் படகு இருக்கிறது, இதற்கு ஓர் உரையா என்று தோன்றலாம். விடுமுறை நாளில் கிள்ளான் துறைமுகம், கோல சிலாங்கூர், பினாங்கின் பத்து மாவுங் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. தூண்டில் ஆசை பிடித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டோ, தனியாகச் சேமித்தோ ஒரு பழைய பைபர் படகை வாங்கிவிடுகிறார்கள். படகு வாங்கியவருக்கு அதற்குமுன் இல்லாத நண்பர்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்பது தனிக் கதை.

ஒரு சம்பவத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். இரண்டு நண்பர்கள். ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருவரிடம் 18 அடி பைபர் படகும் அதன் பின்னால் 40 குதிரைத்திறன் அவுட்போர்ட் எஞ்சினும் இருக்கின்றன. சனிக்கிழமை இரவு மற்றவர் போன் செய்கிறார். "மச்சான், நாளைக்கு ஒருநாள் போட்டைக் கொடுடா, ஜொகூரிலிருந்து மாமா பையன் வந்திருக்கான்." சாவி கைமாறுகிறது. வாடகை கிடையாது, பேச்சுவார்த்தை கிடையாது. "பார்த்துப் போய்ட்டு வாடா", அவ்வளவுதான்.

மறுநாள் மாலை திரும்பி வரும்போது ஆற்று முகத்துவாரத்தில் நீர் வற்றிக்கிடக்கிறது. மலாக்கா நீரிணையின் கிள்ளான் கரையோரத்தில் பெரிய வற்றுப்பெருக்கு நாட்களில் ஆறு மணி நேரத்துக்குள் தண்ணீர் 4 மீட்டருக்குமேல் இறங்கிவிடும். காலையில் தைரியமாக ஓட்டிச் சென்ற அதே இடத்தில் மாலையில் சேற்றுத் திட்டு தலைநீட்டும். "டமார்" என்று ஒரு சத்தம். எஞ்சின் ஒருமுறை குதித்து அடங்குகிறது. பிறகு ஓடுகிறது, ஆனால் லேசாக நடுங்குகிறது. நண்பர் மெதுவாகத் துறைக்கு வந்து, சேற்றைக் கழுவி, படகைக் கட்டிவிட்டு, சாவியைக் கொடுக்கிறார். "ரொம்ப நன்றி மச்சான், நல்ல மீன்." நடுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் படகின் சொந்தக்காரர் தம் இரண்டு பிள்ளைகளோடு அதே படகில் கடலுக்குப் போகிறார். கரை கண்ணுக்கு மறைந்த இடத்தில் எஞ்சின் நின்றுபோகிறது.

இன்றைய தலைப்பு பழுதுச் செலவைப் பற்றியது என்றாலும் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் இந்தக் கடல்தான். காரின் கதவில் பள்ளம் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். எஞ்சின் கோளாறு என்றால் சாலையோரம் நிறுத்திக்கொள்ளலாம். படகில் அடி விழுவதோ பெரும்பாலும் தண்ணீருக்கடியில். அடிபட்டதை அறிந்த ஒரே ஆள் ஓட்டியவர். அவர் வாயை மூடிக்கொண்டால், அடுத்து ஏறுகிறவரின் உயிரைப் பணயம் வைக்கிறார் என்றுதான் பொருள்.

சேற்றிலோ மரக்கட்டையிலோ மோதினால் எஞ்சினில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்பது நல்லது. பணத்தகராறு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முதல் அடி காத்தாடி போலச் சுழலும் ப்ரொப்பெல்லருக்கு. பல எஞ்சின்களில் அதன் நடுவே ஒரு ரப்பர் உருளை உண்டு. பலமாக மோதும்போது அது வழுக்கி உள்ளிருக்கும் கியரைக் காப்பாற்றும். சின்ன எஞ்சின்களில் ஒரு சிறு ஊசி உடைந்து அதே வேலையைச் செய்யும். இதோடு நின்றுவிட்டால் செலவு சிறிது. அடி பலமாக இருந்தால் ப்ரொப்பெல்லரைத் தாங்கும் தண்டு இம்மியளவு வளையும். வளைந்த தண்டு சுழலச் சுழல, தண்ணீரை வெளியே நிறுத்தும் ரப்பர் வளையம் தேயும். உப்புநீர் கியர் எண்ணெய்க்குள் நுழையும். அடியில் இருக்கும் திருகைத் தளர்த்திப் பார்த்தால் எண்ணெய் தே தாரேக் நிறத்தில் வரும். அப்படி வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

சேறு இன்னொரு வேலையும் செய்யும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் சின்ன ரப்பர் சக்கரத்தை மணல் அரித்துவிடும். எஞ்சின் ஓடும்போது பின்பக்கத்திலிருந்து பீய்ச்சியடிக்கும் மெல்லிய நீர்த்தாரை பலவீனமானால் சூடேறப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பைபர் உடம்பிலும் அப்படித்தான். மேற்பூச்சில் கீறல் என்றால் அழகுக் குறைதான். விரிசல் உள்ளே இழைவரை போயிருந்தால் தண்ணீர் அடுக்குகளுக்கிடையே ஊறி மெல்ல மெல்லப் பலத்தைத் தின்றுவிடும்.

அன்று மாலையே "மச்சான், முகத்துவாரத்தில் தட்டிடுச்சு, எஞ்சின் நடுங்குது" என்று சொல்லியிருந்தால் பட்டறையில் தண்டையும் வளையத்தையும் மாற்றி, எண்ணெயைப் புதுப்பித்திருப்பார்கள். இரண்டு வாரம் உப்புநீரில் ஊறிய பிறகு கியர் முழுவதும் துருப்பிடித்துக் கழற்றி எறிய வேண்டிய நிலை. செலவு பல மடங்கு. இந்தக் கூடுதல் தொகையைப் பங்கு பிரிப்பது பற்றிப் பேச்சே இருக்கக்கூடாது. மறைத்ததால் வளர்ந்த செலவு மறைத்தவருடையது. மோதியது கவனக்குறைவாக இருக்கலாம், விதியாகவும் இருக்கலாம். மறைத்தது அவரே எடுத்த முடிவு.

சரி, உடனே சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது செலவு யாருடையது? மலேசியாவில் இதற்குச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1872இல் எழுதப்பட்ட இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பின்பற்றியது. ஒருவர் பொருளை இன்னொருவர் வாங்கிப் பயன்படுத்தித் திருப்பித் தருவது பற்றி அதில் ஒரு பகுதியே உண்டு. வாடகை வாங்காமல் கொடுத்தாலும் அது பொருந்தும். 104ஆம் பிரிவின்படி, வாங்கியவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே மதிப்புள்ள தம் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்குக் கவனமாக இருந்தும் சேதம் நேர்ந்தால், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பல்ல என்கிறது 105ஆம் பிரிவு.

ஆகவே கேள்வி "உடைந்ததா" என்பதல்ல, "எப்படி உடைந்தது" என்பது. வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்க்காமல் முகத்துவாரத்தில் வேகமாக வந்தது கவனக்குறைவு. அதற்கு வாங்கியவர்தான் பொறுப்பு. பெருமழைக்குப் பிறகு தண்ணீருக்கடியில் மிதந்துவந்த கண்ணுக்குத் தெரியாத கட்டை என்றால் கதை வேறு. சட்டம் அவரை விட்டுவிடக்கூடும். அப்போதும் இலவசமாக ஒருநாள் அனுபவித்தவர் பாதிச் செலவையாவது தாமே முன்வந்து கேட்பதுதான் முறை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை படகுக்காரருக்கு இருக்கட்டும்.

அதே சட்டத்தில் இரண்டு குதிரைக் கதைகள் உண்டு. ஒருவர் தம் குதிரையை நண்பர் மட்டும் சவாரி செய்யக் கொடுக்கிறார். நண்பர் தம் குடும்பத்து ஆளிடம் கொடுத்துவிடுகிறார். அந்த ஆள் கவனமாகத்தான் ஓட்டுகிறார், இருந்தும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. குதிரையை வாங்கிய நண்பரே பொறுப்பு. ஏனென்றால் சொன்ன நிபந்தனையை மீறினார். ஜொகூர் மாமா பையன் சுக்கானைப் பிடித்தாரா இல்லையா என்பது இப்போது முக்கியமாகிறது அல்லவா?

இன்னொரு கதை படகுக்காரருக்கு. தம் குதிரை முரடு என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்து, வாங்கியவர் விழுந்து அடிபட்டால், கொடுத்தவரே பொறுப்பு. எஞ்சின் சில நேரம் நின்றுபோகும், தண்ணீர் இறைக்கும் பம்ப் வேலை செய்யாது என்பதெல்லாம் தெரிந்தும் "பார்த்துப் போய்ட்டு வாடா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் கையும் சுத்தமில்லை.

படகுக்காரர் தாமே உடன் சென்று, கடலில் ஆசைக்காகச் சுக்கானை நண்பரிடம் கொடுத்திருந்தால் மேலும் ஒரு மாற்றம். அப்போது படகு இரவல் போகவில்லை, சொந்தக்காரர் பொறுப்பிலேயே இருக்கிறது. அனுபவமில்லாதவர் கையில் ஆபத்தான இடத்தில் சுக்கானைக் கொடுத்தவர், பிறகு பட்டறைச் சீட்டை முழுதாக நண்பரிடம் நீட்டுவது நியாயமாகாது. சிங்கப்பூரில் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே மோட்டார் பொழுதுபோக்குப் படகை ஓட்ட உரிமம் வேண்டும். அது இல்லாத நண்பரிடம் சாவியைக் கொடுப்பதே தவறு.

அடுத்தது பட்டறைச் சீட்டு. இங்கேதான் பல நட்பு முறிகிறது. பட்டறைக்காரர் எஞ்சினைக் கழற்றினால் பழைய குறைகளும் வெளியே வரும். "இதையும் சேர்த்து மாத்திடலாமா, பாஸ்?" என்று கேட்பார். படகுக்காரர் தலையாட்டுவார். மொத்தத் தொகை நண்பர் தலையில் விழும். எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்ளலாம். மொத்தச் சீட்டு 2,400 ரிங்கிட். தண்டு, வளையம், எண்ணெய், கூலி 1,300. புதிய ப்ரொப்பெல்லர் 500, ஆனால் பழையது ஏற்கெனவே விளிம்பு உடைந்தது. தண்ணீர் உறிஞ்சும் ரப்பர் சக்கரம் 200, அதை எப்படியும் இந்த வருடம் மாற்ற வேண்டியிருந்தது. படகுக்குப் புதுச் சாயம் 400, அது வெறும் ஆசை. நண்பர் தர வேண்டியது 1,300, ப்ரொப்பெல்லரில் பாதி 250, ஆக 1,550. மீதி 850 படகுக்காரருடையது.

பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தும்போது கழிவு கொடுப்பது புதுப் பழக்கமல்ல. மரக்கப்பல் காலத்துக் கடல் காப்புறுதியில் இப்படிப்பட்ட பழுதுச் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பது வழக்கமாக இருந்தது. 1906ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடல் காப்புறுதிச் சட்டமும் வழக்கமான கழிவுகளுக்கு இடம் வைத்தே எழுதப்பட்டது. கப்பல் முதலாளிகளே ஒத்துக்கொண்டதைத் தூண்டில் நண்பர்கள் ஒத்துக்கொள்ளலாம்.

காப்புறுதி இருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். யார் ஓட்டலாம் என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும். சொந்தக்காரர் முதலில் ஏற்க வேண்டிய ஒரு தொகையும் பெரும்பாலும் இருக்கும். காப்புறுதி மீதியைக் கொடுத்தாலும் அந்த முதல் தொகையை நண்பர் ஏற்பது மரியாதை.

பணத்தைவிட அதிகக் கெடுதல் செய்வது "பரவாயில்லை, விடுடா" என்ற வார்த்தை. நண்பர் துறையில் நின்று "எவ்வளவு ஆகும், சொல்லு" என்று கேட்கும்போது படகுக்காரர் பெருந்தன்மையாக அதைச் சொல்லிவிடுகிறார். பட்டறைச் சீட்டு வந்ததும் மனம் குமுறுகிறது. நண்பரிடம் சொல்ல முடியவில்லை. மனைவியிடம் சொல்கிறார், கோயிலில் பார்த்தவரிடம் சொல்கிறார், மாதம் ஒன்று ஆவதற்குள் பாதி ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. நண்பருக்கு மட்டும் தெரியாது. அவர் மன்னிக்கப்பட்டவராகவே நடமாடிக்கொண்டிருக்கிறார். கேட்கப் போவதாக இருந்தால் அங்கேயே, "பட்டறையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், சேர்ந்தே போவோம்" என்று சொல்லிவிடலாம். இருவரும் சேர்ந்து பட்டறைக்குப் போனால் உடைந்த பாகத்தை இருவரும் கண்ணால் பார்ப்பார்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் எழுதினார். அவற்றில் 81ஆம் அதிகாரமான பழைமை, நெடுநாள் நண்பர் உரிமையோடு செய்துவிட்டதை மனமுவந்து ஏற்றுக்கொள்ளும் பெருமையைப் பேசுகிறது. மேடையில் பலரும் அதை எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் அது படகுக்காரர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. உடைத்தவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு "வள்ளுவரே சொல்லியிருக்கார் மச்சான்" என்று வந்து நிற்க முடியாது. 79ஆம் அதிகாரமோ நட்பு சிரித்து மகிழ மட்டும் அல்ல, நண்பர் எல்லை மீறும்போது இடித்துச் சொல்வதற்கும்தான் என்கிறது.

நண்பரிடம் பணம் இல்லையென்றால்? மூன்று நான்கு தவணையாகத் தரலாம். கைத்தொழில் தெரிந்தவர் என்றால் விடுமுறை நாளில் பைபர் தேய்த்துப் பூசும் வேலையைத் தாமே செய்து கூலியைக் குறைக்கலாம். எந்த ஏற்பாடானாலும் தொகையையும் தேதியையும் கைப்பேசியில் ஒரு வரிச் செய்தியாக இருவரும் அனுப்பிக்கொள்வது நல்லது. நினைவு இருவருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

மறுத்தே விட்டால், தீபகற்ப மலேசியாவில் இப்படிப்பட்ட கோரிக்கைக்கு 6 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. சிறிய தொகை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனுச் செய்யும் வழியும் இருக்கிறது. சிங்கப்பூரில் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 2019 நவம்பர் முதல் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கிறது. ஆனால் அங்கே அவகாசம் 2 ஆண்டுகள்தான். போவதற்குமுன் உடைந்த பாகத்தின் படம், பட்டறைச் சீட்டு, சாவி வாங்கியபோது அனுப்பிய செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். பழைய பாகத்தைப் பட்டறைக்காரர் தூக்கிப் போட்டுவிடாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் அவசியம்.