துரை. மாணிக்கம் என்னும் உழைப்பாளி
(பாவலரேறு பெருஞ்சித்திரனார் நினைவாகப் பள்ளிக்கரணையில் ஆற்றப்பெற்ற உரை)

 

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் சாலையில் இந்தப் பள்ளிக்கரணையைக் கடந்தால் வருவது மேடவாக்கம். பாவலரேறு தமிழ்க்களம் அங்கு நிற்கின்றது. சம்பளம், குடிக்கூலி, பிள்ளைகளின் படிப்பு என்னும் கவலைகளோடு நாள்தோறும் எத்தனையோ பேர் அவ்வழியே பணிக்குச் செல்கின்றனர். அக்களத்துக்குப் பெயர் தந்தவரும் அவ்வாறே பணிக்குச் சென்றுவந்த குடும்பத் தலைவர்தாம். பாவலரேற்றைப் பற்றி மேடைகளில் நிறையவே பேசியாயிற்று. அவருள் இருந்த உழைப்பாளியைப் பற்றிப் பேசியது குறைவு.

சேலம் மாவட்டம் சமுத்திரம் என்னும் சிற்றூரில், துரைசாமி – குஞ்சம்மாள் இணையர்க்கு 10.3.1933-இல் பிறந்தவர் இராசமாணிக்கம். தந்தை பெயரின் முற்பகுதியைத் தம் பெயரோடு சேர்த்துத் துரை. மாணிக்கம் ஆனார். சேலம் கல்லூரியில் மொழிஞாயிறு பாவாணர் அவர்க்கு ஆசிரியராக வாய்த்தார். கல்லூரிப் பருவத்திலேயே திருமணம். கமலம் என்னும் துணைவியார் தாமரை ஆனார். அஞ்சல் துறை வேலை அவரைப் புதுவைக்குக் கொண்டு சேர்த்தது. அங்குப் பாவேந்தரின் தொடர்பு கிட்டியது; 'கொய்யாக்கனி' என்னும் பாவியம் பாவேந்தரின் அச்சகத்திலேயே அச்சேறியது.

1959-இல் பணி கடலூருக்கு மாறியது. அவ்வாண்டே 'தென்மொழி' பிறந்தது. பகலில் அரசின் அஞ்சல், இரவில் தமிழின் அஞ்சல்! அரசுப் பணியாளர் தம் பெயரில் இதழ் நடத்துதல் இயலாது. ஆகவே சூடிக்கொண்ட பெயர் பெருஞ்சித்திரனார்.

அப்பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். புறநானூற்றுப் பெருஞ்சித்திரனார் தம் வீட்டு வறுமையைப் பாடியவர். முதிர்ந்த தாயும், வாடிய மனைவியும், பசித்தழும் பிள்ளையும் அவர் பாட்டில் உள்ளனர். ஆயினும், அதியமான் தம்மை நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் ஏற்க மறுத்தார். குமணனிடம் பெற்று வந்த செல்வத்தையோ, இன்னார் என்று பாராமல் எல்லார்க்கும் கொடு என்று மனைவியிடம் கூறினார். பசியும் மானமும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வீடு அது. கடலூர் அஞ்சல் பணியாளர் இதையெல்லாம் எண்ணித்தான் அப்பெயரைத் தேர்ந்தாரோ, அன்றி அவர் வாழ்வே பின்னர் அப்பெயர்க்கு ஏற்ப அமைந்ததோ!

1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்தது. நடுவணரசின் சம்பளத்தை வாங்கும் ஒருவர், அவ்வரசின் மொழிக் கொள்கையை நேர்நின்று எதிர்த்து எழுதினார். வழக்கு வந்தது, வேலூர்ச் சிறை வந்தது. அச்சிறையில்தான் 'ஐயை'யின் முதற்பகுதி எழுந்தது. அஞ்சல் பணியும் பிறகு கையைவிட்டுப் போயிற்று.

திங்கள்தோறும் வந்த சம்பளம் நின்றுபோன வீட்டில் என்ன நிகழும் என்பதை மேடைப் பேச்சாளர் எவரும் சொல்வதில்லை. உலை வைக்கும் தாய்மார்கள் அறிவர். தம் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட முறை சிறை சென்றவர் அவர். சிறை அவருக்குப் பாவியம் எழுதும் அறையாயிற்று. வெளியே நின்ற தாமரை அம்மையார்க்கு அது என்னவாக இருந்திருக்கும்? மறவர் பட்டியலில் அம்மையாரின் பெயரையும் எழுதுவதே அறம்.

வேலை போனபின் உழைப்புக் குறையவில்லை. தென்மொழியோடு, சிறுவர்க்குத் 'தமிழ்ச்சிட்டு', பின்னர்த் 'தமிழ்நிலம்'. பா எழுத வேண்டும், ஆசிரியவுரை எழுத வேண்டும், மெய்ப்புத் திருத்த வேண்டும், கட்டணம் செலுத்தாத அன்பர்க்கு நினைவூட்டவும் வேண்டும். (சிரிப்பு.) சிரிக்கும் அன்பர்களுள் எத்தனைபேர் இவ்வாண்டுக் கட்டணத்தைச் செலுத்தியுள்ளனர் என்பதை இதழ் அலுவலகம் அறியும்!

தம் வீட்டுக்கே வழி தேட வேண்டிய அந்நிலையிலும், பாவாணரின் சொற்பிறப்பியல் அகரமுதலிக்காகத் தென்மொழி அன்பர்களிடம் பொருள் திரட்டித் தந்தவர் அவர். அரசு அத்திட்டத்தை மேற்கொண்டது 1974-இல். அதற்கு முன்னரே எளிய தமிழர் பலர் தம் வருவாயிலிருந்து அவ்வேள்விக்கு ஈந்தனர். குமணன் கதையை ஏட்டில் படித்துவிட்டுப் போனவர் அல்லர் இந்தப் பெருஞ்சித்திரனார்.

இத்தனைக்கும் இடையில் 'நூறாசிரியம்' எழுதினார். சங்கப் பாக்களின் செறிவில் நூறு பாக்கள். அவற்றுக்கு உரையும் அவரே. பழந்தமிழ் நடை இனி எவர்க்கும் வாராது என்று உதடு பிதுக்குவோர் அந்நூலை ஒருமுறை கையிலெடுக்கட்டும்.

11.6.1995 அன்று, அறுபத்திரண்டாம் அகவையில், அவர் மறைந்தார். திருக்குறளுக்கு எழுதிவந்த மெய்ப்பொருளுரை முற்றுப்பெறவில்லை. எழுதிய அளவில் அது நான்கு தொகுதிகளாக வெளிவந்துள்ளது.