பொன்னாடையும் வியாழன் பின்னேரமும்

(பொலிதேயாமா அருகில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், தொண்டர் கௌரவிப்பின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கேட்டவர்கள், "கனநேரம் கதைக்க வேண்டாம், வடை ஆறிப்போயிடும்" என்று சொல்லித்தான் மேடையில் ஏற்றினார்கள். ஆகவே சுருக்கமாகவே சொல்லுகிறேன்.

சற்று முன்னர் எங்கள் தொண்டர்கள் ஐந்து பேருக்குப் பொன்னாடை போர்த்தினோம். கைதட்டினோம், படம் எடுத்தோம். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் நாளைக்குக் காலையில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிக்குத் துணை தேவைப்பட்டால், யாருக்கு ரெலிபோன் எடுப்போம்? இதே ஐந்து பேருக்குத்தான். அதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

வெளியே நிற்கிற பொலிதேயாமா தியேட்டர் 1874ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பலெர்மோக்காரருக்கு அது இசைக்கும் நாடகத்துக்குமான கட்டடம். எங்களுக்கோ அதன் முன்னால் உள்ள சதுக்கம் ஊர்ச் சந்தி மாதிரி. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. அந்த நேரத்தில் இங்கே வந்தால் நாலு தமிழ் முகம் காணலாம். "அண்ணை, இந்தக் கடிதத்தில என்ன எழுதியிருக்கு, ஒருக்காப் பாருங்கோ" என்று கடித உறையை நீட்டலாம். எங்கட தொண்டு தொடங்கினது மண்டபத்தில் இல்லை, இந்தச் சதுக்கத்து வாங்கில்தான்.

1990ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி இத்தாலியில் 39ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மார்த்தெல்லி சட்டம் என்றால் மூத்தவர்களுக்கு விளங்கும். 1989 டிசம்பர் 31க்கு முதல் நாட்டுக்குள் வந்ததைக் காட்டக்கூடியவர்களுக்கு அது விசா கிடைக்க வழி திறந்தது. அந்த நேரம் இத்தாலிய மொழி தெரிந்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான். ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்காக விடியமுதல் குவெஸ்தூரா வரிசையில் போய் நின்றார்கள். இன்றைக்குச் சிலர் கையில் இத்தாலியக் கடவுச்சீட்டு இருக்கிறது என்றால், அதன் முதல் பக்கத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்கம் உண்டு. அதில் எழுதியிருப்பது அந்த மனிதர்களின் பெயர்.

எங்களைப் போலவே இந்த நகரத்துச் சனமும் தொண்டர்களால் வாழ்ந்தது. பியாஜோ கொந்தே என்பவரை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். பச்சை அங்கியும் கையில் தடியுமாக நடந்து திரிந்தவர். வசதியான குடும்பத்தில் 1963இல் பிறந்தவர், எல்லாவற்றையும் விட்டு வந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மத்திய புகையிரத நிலையத்தில் படுத்திருந்த வீடில்லாதவர்களோடு தானும் படுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'நம்பிக்கையும் அன்பும்' இல்லம். இத்தாலியர், வெளிநாட்டவர் என்று பிரித்துப் பாராமல் சோறும் படுக்கையும் கொடுத்த இடம். 2018 செப்டெம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே வந்து ஏழைகளோடு இருந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டார். 2023 ஜனவரி 12ஆம் திகதி பியாஜோ காலமானார். ஆனால் அடுத்த நாளும் அங்கே அடுப்பு எரிய வேண்டும். ஒரு தொண்டரின் பெருமை அவர் போன பிறகு எரிகிற அந்த அடுப்பில்தான் தெரியும்.

2025ஆம் ஆண்டுக்கான இத்தாலியின் தொண்டுத் தலைநகராகப் பலெர்மோ தெரிவானது உங்களுக்குத் தெரியும். அது கொமூனேக்கு மட்டும் கிடைத்த பெயர் என்று நான் நினைக்கவில்லை. பொலிதேயாமா வாங்கில் இருந்து கடிதம் வாசித்துச் சொன்ன அண்ணைக்கும் அதில் ஒரு துண்டு சேரும்.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். கோபிக்க வேண்டாம்.

படிவம் நிரப்பக் காசு வாங்குகிறவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. அது அவர்கள் தொழில் என்றால் தொழில் என்று சொல்லட்டும், தொண்டு என்று சொல்ல வேண்டாம். இத்தாலியில் தொண்டு பற்றிய சட்டம் 1991இல் வந்தது. பிறகு 2017இல் 117ஆம் இலக்கச் சட்டம் அதை விரித்து எழுதியது. தொண்டருக்கு எந்த வகையிலும் கூலி இல்லை, உதவி பெற்றவரிடமிருந்தும் வாங்கக் கூடாது, உண்மையில் செலவானதை மட்டும் கணக்குக் காட்டித் திருப்பிப் பெறலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதே சட்டம் சங்கத்துக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது. தொடர்ந்து தொண்டு செய்கிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அவர்களுக்குக் காப்புறுதி செய்ய வேண்டும். அந்தப் பதிவேட்டைச் சரியாக வைத்திருப்பதும் ஒரு கௌரவிப்புத்தான். பொன்னாடையை விட அது கூடக் காலம் நிற்கும்.

இன்னொன்று. இன்றைக்கு மேடைக்குக் கூப்பிடாத தொண்டர்கள் இருக்கிறார்கள். எங்கட பிள்ளைகள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மார்பில் கட்டி என்று டொக்டர் சொன்னார். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது பதினொரு வயது மகள். அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. டொக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, பிறகும் வரச் சொல்லுகினம்" என்று மட்டும் சொன்னாள். மிச்சத்தை அவள் இரண்டு நாள் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். அம்மா பிறகு சுகமாகிவிட்டா. ஆனால் அந்த இரண்டு நாளை அந்தப் பிள்ளையிடமிருந்து யார் எடுக்க முடியும்? அவளுக்குப் பொன்னாடை போர்த்தத் தேவையில்லை. இனி ஒரு பிள்ளையும் அந்தக் கதிரையில் இருக்கக் கூடாது. ஒரு வளர்ந்தவர் கூடப் போக வேண்டும்.

அதற்கு ஐந்து பேர் போதாது. அவர்களுக்கும் வயது போகிறது, முழங்கால் நோகிறது. மொழி நன்றாகத் தெரிந்த இளையவர்கள் பலர் படிப்புக்கும் வேலைக்கும் வடக்கே போகிறார்கள், லண்டனுக்கும் போகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. இங்கே இருக்கிறவர்களிடம்தான் கேட்கிறேன்.

ஊரில் சனசமூக நிலையத்தில் சிரமதானம் என்று சொன்னால் என்ன செய்தோம்? ஒருவரையே வருடம் முழுக்க மண்வெட்டி பிடிக்க விட்டோமா? வீட்டுக்கு ஒருவர் வந்தோம். பொழுதுபடமுதல் ஒழுங்கை துப்புரவாகிவிடும்.

அதைத்தான் இங்கேயும் கேட்கிறேன். வீட்டுக்கு ஒருவர், மாதத்தில் ஒரு வியாழன் பின்னேரம். இத்தாலிய மொழி தெரிந்தவர் துணைக்குப் போகலாம். தெரியாதவர், அப்படிப் போகிறவரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், தனியே இருக்கிற முதியவருக்கு ஒரு நேரச் சாப்பாடு கொண்டுபோகலாம். வாகனம் உள்ளவர் வாகனம் ஓடலாம். தமிழ்ப் பள்ளியில் பாய் விரிக்கிறதும் தொண்டுதான்.

வாசலில் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். கைவிசேடம் வாங்கிக்கொண்டு போகும்போது, உங்கள் பெயரையும் எந்த வியாழன் வசதி என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த சித்திரைக்கு இந்த மேடையில் ஐந்து பேருக்குப் பதிலாக ஐம்பது பேர் நிற்க வேண்டும். அவ்வளவு பேருக்குப் பொன்னாடை வாங்கச் சங்கத்திடம் காசு இருக்காது. அந்தக் குறை வந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

பொன்னாடை போர்த்தப்பட்ட ஐவருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் ஒரு வியாழனாவது நீங்கள் வீட்டில் காலை நீட்டி இருங்கள். உங்கள் இடத்தில் நாங்கள் வரிசையில் நிற்கிறோம்.