முதல் சலாம் யாருடையது?

(நமது அறக்கட்டளையின் நலப்பணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வாழும் நமக்குப் பாடம் சொல்லக்கூடிய ஒரு பயணியைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். அவர் மொராக்கோ நாட்டின் தஞ்சீர் நகரத்தைச் சேர்ந்த இப்னு பதூதா. 1304-ல் பிறந்தவர். 1325-ல் ஹஜ்ஜுக்காகத் தனியாக வீட்டை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு 21 வயது. நம் பகுதியில் அறை எடுத்துத் தங்கி ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் வயதுதான்.

வழியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. குதிரையிலிருந்து விழுந்துவிடக் கூடாதே என்று தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்தார். அப்படியே துனிஸ் நகரம் வந்து சேர்ந்தார். ஊர் மக்கள் திரண்டு வந்து, உடன் வந்த ஒவ்வொருவருக்கும் சலாம் சொல்லி நலம் விசாரித்தார்கள். இவரை அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் இவரிடம் யாரும் பேசவில்லை. துக்கம் தாளாமல் அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஒரு ஹாஜி அருகில் வந்து சலாம் சொன்னார். நகரத்துக்குள் நுழையும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டே உடன் வந்தார்.

அந்த ஹாஜி பணம் கொடுக்கவில்லை, விருந்து வைக்கவில்லை. ஒரு சலாமும் கொஞ்சம் பேச்சும்தான் கொடுத்தார். ஆனால் பல நாடுகளைச் சுற்றி, பல மன்னர்களைக் கண்டுவிட்டு, ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்துத் தம் பயண நூலைச் சொல்லி எழுதவைத்தபோதும் இப்னு பதூதா அதை மறக்கவில்லை. அன்று அழுத அந்த இளைஞர்தான், துனிஸிலிருந்து ஹஜ் கூட்டம் கிளம்பும்போது அதன் காழியாக நியமிக்கப்பட்டார். முன்பின் தெரியாத ஒருவருக்குள் என்ன தகுதி இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் நமக்குத் தெரியாது.

சில ஆண்டுகள் கழித்து அவர் இன்றைய துருக்கிக்குப் போனார். அந்தால்யா நகரத்தில் பழைய உடையும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் வந்து, அவர் தங்கியிருந்த இடத்தின் ஷைகிடம் ஏதோ பேசினார். இப்னு பதூதாவுக்கு அந்த மொழி புரியவில்லை. "உங்களையும் உங்கள் தோழர்களையும் விருந்துக்கு அழைக்கிறார்" என்று ஷைக் விளக்கினார். இந்த ஏழையைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று இவர் தயங்க, ஷைக் சிரித்துவிட்டார். வந்தவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. அதோடு, 'அகி' என்னும் சகோதரக் கூட்டமைப்பின் தலைவர்களில் ஒருவர். பல தொழில்கள் செய்யும் சுமார் 200 பேர் சேர்ந்து அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இந்த அகிகள் பகலெல்லாம் உழைப்பார்கள். அஸருக்குப் பிறகு அன்றைய கூலியைக் கொண்டுவந்து ஒன்றாகச் சேர்ப்பார்கள். அதில் பழமும் உணவும் வாங்குவார்கள். அன்று ஊருக்கு வெளியூர்க்காரர் யாராவது வந்தால் தங்களுடைய விடுதியில் தங்கவைத்து உபசரிப்பார்கள். யாரும் வராவிட்டால் தாங்களே கூடிச் சாப்பிடுவார்கள். இவர்கள் செல்வந்தர்கள் அல்ல, தொழிலாளிகள். விருந்தோம்பலுக்குப் பெரிய பணம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதில் நல்ல பதில் இருக்கிறது.

பிறகு லாதிக் என்ற ஊருக்குப் போனார். இன்று அதன் பெயர் தெனிஸ்லி. கடைத்தெரு வழியாகப் போகும்போது, சிலர் கடைகளிலிருந்து இறங்கி வந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்தார்கள். வேறு சிலர் வந்து அவர்களோடு சண்டைக்கு நின்றார்கள். கத்தியும் வெளியே வந்தது. வழிப்பறிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டோம் என்று இப்னு பதூதா நடுங்கிப்போனார். நல்லவேளையாக, ஹஜ் செய்து அரபி கற்றிருந்த ஒருவர் அங்கே வந்தார். "பயப்படாதீர்கள், இவர்கள் அகிகள். உங்களைத் தங்கள் விருந்தாளியாக அழைத்துப்போக இரண்டு கூட்டத்தாரும் போட்டி போடுகிறார்கள்" என்று சொன்னார். கடைசியில் சீட்டுப் போட்டு, முதலில் ஒரு கூட்டத்தாரிடமும் அடுத்து மற்றவர்களிடமும் தங்குவதென்று முடிவானது.

மொழி தெரியாதவருக்கு அன்பான கைகூட எதிரியின் கையாகத் தெரியும். இதற்கு நம் காலத்திலும் உதாரணம் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. அவை உண்மையல்ல என்று தமிழ்நாடு காவல்துறை அறிவித்தது. நிலைமையை அறியப் பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்தது. அதற்குள் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறியவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுத் தமிழர் ஒருவரையாவது பெயர் சொல்லி அழைத்துப் பழகியிருந்தவர், அந்த வீடியோவை அவரிடம் காட்டி "இது நிஜமா, பாய்?" என்று கேட்டிருப்பார். கேட்க ஆள் இல்லாதவருக்கு வதந்திதான் செய்தி.

நம் தமிழ் மக்களும் இப்னு பதூதாவை உபசரித்தவர்கள்தான். 1344 வாக்கில் அவர் இலங்கை சென்றபோது யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். மன்னர் முஸ்லிம் அல்ல. ஆனாலும் ஆதம் மலையைக் காண வேண்டும் என்ற இவருடைய ஆசையை அறிந்து, பல்லக்கும், வழித்துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும், உணவுப் பொருள் சுமக்க 15 ஆட்களையும் கொடுத்தனுப்பினார். பிறகு தமிழகக் கரையை நெருங்கும்போது கப்பல் உடைந்தது. ஓர் இரவு முழுவதும் உடைந்த கப்பலில் தவித்தவரைக் காலையில் படகில் வந்து கரை சேர்த்தவர்களும் மாற்று மதத்துக் கரையோர மக்களே.

சகோதரர்களே! இப்போது நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீராமானுஜர் பிறந்த தலம் என்பதால் வெளியூர் யாத்ரீகர்களை நெடுங்காலமாகக் கண்ட ஊர் இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. பீகார், ஜார்கண்ட், ஒடிசா, அஸ்ஸாம், வங்காளம் என்று எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் நம் கடைகளில் காய்கறி வாங்குகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் நம் ஊர்தான் துனிஸ், நம் ஊர்தான் லாதிக்.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். சொந்த ஊரில் வசதியோடு இருப்பவர்கூட, வழியில் கையில் காசில்லாமல் நின்றால் அந்த உரிமை அவருக்கு உண்டு என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் சலாம் சொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள்.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கு காரியங்களைச் செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: ஜும்ஆ முடிந்ததும் புதிய முகம் ஒன்றுக்காவது சலாம் சொல்லி, பெயரும் ஊரும் கேளுங்கள்.

இரண்டு: இந்தி, உருது, வங்காளம் தெரிந்தவர்களின் பட்டியலைப் பள்ளிவாசலில் வையுங்கள். நள்ளிரவில் 108-க்கு இடம் சொல்லவும், மருத்துவரிடம் வலியைச் சொல்லவும் அந்த ஒரு ஆள் போதும். எந்த மதத்தவர் வந்து கேட்டாலும் அவர் உடன் போக வேண்டும்.

மூன்று: ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழகத்தில் நடைமுறையில் இருக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொந்த மாநிலத்தில் அட்டை உள்ளவர், கைரேகை வைத்து இங்குள்ள ரேஷன் கடையிலேயே தானியம் வாங்கலாம். இதை அறியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லிக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நான்கு: அறை வாடகைக்கு விடுபவர்கள் ஓர் அறையில் எத்தனை பேர், தண்ணீர், கழிப்பறை எப்படி என்று நேரில் போய்ப் பாருங்கள். வாடகை வாங்கினாலும் அவர்கள் நம் விருந்தாளிகளே.

நம் பிள்ளைகளும் துபாயிலும் ரியாத்திலும் கோலாலம்பூரிலும் யாரோ ஒருவரின் முதல் சலாமை எதிர்பார்த்து நிற்கிறார்கள். இங்கே நாம் சொல்லும் சலாமுக்குப் பதிலாக, அங்கே அவர்களுக்கு நல்ல மனிதர்களை அல்லாஹ் காட்டுவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.